பிரெய்ரி சமவெளியில் ஆலங்கட்டியும் டொர்னாடோவும்: ஊருக்கு வெளியே வாழ்வோர் எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

செங்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில், கல்கரிக்கும் ரெட் டீருக்கும் இடையில், இரண்டாம் எண் நெடுஞ்சாலையிலிருந்து விலகியிருக்கும் ஒரு சிற்றூரில் மருந்தாளுநராகப் பணியாற்றுகிறேன். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே நிற்கும் ஒரு மொபைல் ஹோமில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீட்டில்) மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வாடகைக்கு இருக்கிறேன். அண்மையில் ஒரு மாலை வீசிய இடிமழையில் கோல்ஃப் பந்து அளவு ஆலங்கட்டிகள் விழுந்து, மேற்குச் சுவரின் வினைல் தகடுகள் கிழிந்தன. இரண்டு சன்னல்கள் உடைந்தன. நில உரிமையாளர் பயிரிட்டிருந்த கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரில் ஒரு பகுதி தண்டு மட்டுமாக நிற்கிறது. அதே இடிமேகம் கிழக்கே நகர்ந்த பிறகுதான் டொர்னாடோ (தரையைத் தொடும் கடும் சுழற்காற்று) எச்சரிக்கை வந்தது. எங்கள் வீட்டின் மீது ஆலங்கட்டி விழுந்தபோது கைப்பேசியில் எந்த அபாய ஒலியும் எழவில்லை.

கைப்பேசி ஏன் ஒலிக்கவில்லை, அடுத்த முறை டொர்னாடோவே வந்தால் பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) இல்லாத இந்த வீட்டில் நாங்கள் எங்கே போவது என்ற இரண்டையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். நில உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். காப்பீட்டில் தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவர் சொல்வதன் காரணமும் எனக்குப் புரியவில்லை.

மேகவழி எழுதியது:

வணக்கம் தம்பி. குழந்தைக்கு ஒன்றும் நேராதது பெரிய நிம்மதி.

கைப்பேசி ஒலிக்காதது விதிப்படியே நடந்தது, அதுதான் வருத்தம். பிரெய்ரி மாகாணங்களான அல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபாவில் மணிக்கு 90 கி.மீ. வேகக் காற்று, 2 செ.மீ. ஆலங்கட்டி, ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எதிர்பார்க்கப்பட்டாலே கனடா சுற்றுச்சூழல் துறை கடும் இடிமழை எச்சரிக்கை விடுக்கும். அது இணையத்திலும், அத்துறையின் வெதர்கேன் செயலியிலும், வானொலியிலும் வரும். ஆனால் கேட்காமலேயே எல்லாக் கைப்பேசிகளையும் அலறவைக்கும் அலர்ட் ரெடி அமைப்பின் வழியாக அது செல்வதற்குக் காற்று 130 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும், அல்லது ஆலங்கட்டி 7 செ.மீ. விட்டத்தில், அதாவது பேஸ்பால் அளவில் இருக்க வேண்டும். டொர்னாடோ எச்சரிக்கை மட்டும் எப்போதும் செல்லும். கோல்ஃப் பந்தின் விட்டம் ஏறத்தாழ 4 செ.மீ.தான். சன்னலை உடைக்கவும் ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பயிரை அழிக்கவும் அது போதும். உங்கள் கைப்பேசியை ஒலிக்கச் செய்யத்தான் போதாது. ஆகவே வெதர்கேன் செயலியை இன்றே நிறுவி, உங்கள் இருப்பிடத்துக்கான அறிவிப்புகளை இயக்கி வையுங்கள்.

இன்னொரு குறையும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளுக்கு வரும் இந்த அறிவிப்பு எல்.டி.இ. (4ஜி) அலைவரிசையைச் சார்ந்தது. பள்ளத்தாக்குகளிலும் ஏரிக்கரை முகாம்களிலும் அலைவரிசை அற்றுப்போகும் இடங்களில் அது வந்து சேர்வதில்லை. கோடையில் மக்கள் கூடாரமடித்துத் தங்குவதோ அத்தகைய இடங்களில்தான். 2000ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று அல்பர்ட்டாவின் பைன் லேக் முகாமை டொர்னாடோ தாக்கி 12 பேர் இறந்தார்கள். 2018 ஆகஸ்ட் 3 அன்று மனிடோபாவின் அலோன்சா அருகே வீசிய இ.எஃப்.4 (டொர்னாடோவின் வலிமையை 0 முதல் 5 வரை தரப்படுத்தும் அளவுகோலில் 4) டொர்னாடோ ஓர் உயிரைப் பறித்துவிட்டு, மனிடோபா ஏரிக்கரையில் இருந்த முகாமையும் சிதைத்தது.

இடிமேகத்தின் அமைப்பை அறிந்துகொள்வதும் உதவும். ராக்கி மலையடிவாரத்தில் பிற்பகலில் எழும் மேகங்கள் கிழக்கு நோக்கி நகர்கின்றன. ஜூலையில் பயிர்கள் செழித்து நிற்கும்போது அவை விடும் நீராவியே கீழ்க்காற்றின் ஈரத்தைக் கூட்டிவிடுகிறது. அந்த ஈரக் காற்று மேலேறும்போது, உயரத்துக்கு ஏற்பக் காற்றின் வேகமும் திசையும் மாறினால், முழு மேகமும் சுழலத் தொடங்கும். சூப்பர்செல் என்று சொல்வது அதைத்தான். அதன் மேலெழு காற்று வலுவாக இருக்கும் வரை, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் ஆலங்கட்டியின் மேல் ஒட்டி உறைந்துகொண்டே இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்பர்ட்டா நிலத்தில், விழும் கட்டி உருகுவதற்கான தொலைவும் குறைவு. 2022 ஆகஸ்ட் 1 அன்று உங்கள் பகுதியைச் சேர்ந்த மார்க்கர்வில் அருகே விழுந்த கட்டி 292.71 கிராம் எடையும் 123 மி.மீ. விட்டமும் கொண்டிருந்தது. 1973இல் சஸ்காச்சுவானின் செடூ ஊரில் விழுந்த 290 கிராம் கட்டியின் சாதனையை அது முறியடித்தது.

உயிர் காக்கும் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இப்படிப்பட்ட மேகத்தில் மழையும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் முன்னே வரும். டொர்னாடோ உருவாகும் பகுதி அவற்றுக்குப் பின்னால், தென்மேற்குப் பக்கத்தில் இருக்கும். ஆலங்கட்டி நின்றவுடன் சேதத்தைப் பார்க்க வெளியே செல்வது பலருடைய வழக்கம். ஆபத்து மிகுந்த நேரம் அதுவாகவே இருக்கக்கூடும்.

நிலாமுற்றம் எழுதியது:

தெற்கு மனிடோபாவில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். கைப்பேசியைச் சுற்றியே எல்லா ஏற்பாடும் செய்யப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் இல்லத்தில் பலரிடம் கைப்பேசி இல்லை. சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளில் தனியே வாழும் முதியவர்களிடம் இருப்பவை பழைய கருவிகள். மின்சாரம் போனால் இணையமும் போய்விடுகிறது. அமெரிக்கச் சமவெளி ஊர்களில் உள்ளதைப் போல இங்கும் ஊருக்கு ஒரு அபாயச் சங்கு ஏன் இருக்கக் கூடாது? மிகச் சில நகராட்சிகளே அதை வைத்திருக்கின்றன.

மேகவழி எழுதியது:

அக்கா, ஊருக்குள் சங்கு பயன்படும்; அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் ஒலி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தெளிவாகக் கேட்காது, எதிர்க்காற்றில் அதுவும் குறையும். ஆலங்கட்டி கூரையில் விழும்போது வீட்டுக்குள் எதுவுமே கேட்காது. செங்காடு போன்றவர்கள் வாழும் பண்ணைகள் ஒன்றிலிருந்து மற்றொன்று ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி இருப்பவை. சங்கு அமைத்ததும் ஊர்மன்றம் தன் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுமோ என்பதே என் அச்சம்.

நிலாமுற்றம் எழுதியது:

அந்த அச்சம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனாலும் கேட்கக்கூடியவர்களுக்குக் கூட இல்லாமல் செய்வதற்கு அது காரணமாகாது. முப்பது முதியவர்களைச் சன்னல் இல்லாத நடைவழிக்குக் கொண்டுவர எங்களுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். இரவுப் பணியில் இருப்பவர்கள் இருவர் மட்டுமே. எனக்கு ஐந்து நிமிட முன்னறிவிப்புக் கூடுதலாகக் கிடைத்தாலும் அது பெரிது. 2007 ஜூன் 22 மாலையில் எங்கள் மாகாணத்தின் ஈலி ஊரைத் தாக்கியதுதான் இன்றுவரை கனடாவில் உறுதிசெய்யப்பட்ட ஒரே எஃப்.5 (பழைய எஃப். அளவுகோலின் உச்ச தரம்) டொர்னாடோ. ஒரு வீட்டை அப்படியே அடித்தளத்திலிருந்து பெயர்த்துத் தூக்கியது. ஒருவரும் இறக்கவில்லை என்பதை எல்லோரும் அதிசயமாகச் சொல்கிறார்கள். அது பகல் வெளிச்சத்தில், மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி வந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவில், மழைத்திரைக்குள் மறைந்து வருவதற்கு நாம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறோம்?

தூண்கல் எழுதியது:

கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு விடை எழுதுகிறேன். செங்காடு, டொர்னாடோ எச்சரிக்கை வந்தால் அந்த மொபைல் ஹோமில் இருக்க வேண்டாம். இதில் விலக்கு இல்லை. 1987 ஜூலை 31 அன்று எட்மன்டனில் இறந்த 27 பேரில் 15 பேர் எவர்கிரீன் மொபைல் ஹோம் குடியிருப்பில் இருந்தவர்கள். இத்தகைய வீடு பாரம் குறைந்தது, காற்றுப் படும் பரப்போ அகன்றது. தரையோடு முறையாகப் பிணைக்கப்படாவிட்டால், நன்கு கட்டிய வீட்டின் ஓடுகள் மட்டும் பறக்கும் வேகத்திலேயே இது முழுதாகப் புரண்டுவிடும். இவற்றை நிறுவுவதற்கும் நங்கூரமிடுவதற்கும் சி.எஸ்.ஏ. என்ற கனடியத் தர நிர்ணய அமைப்பின் தரநிலை உண்டு. உங்கள் வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மூடியிருக்கும் பாவாடைத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். சட்டகத்திலிருந்து தரைக்குள் இறங்கும் எஃகுப் பட்டைகளும் திருகு நங்கூரங்களும் இருக்கின்றனவா, அவை துருப்பிடிக்காமல் இறுக்கமாக உள்ளனவா என்று உரிமையாளருடன் சேர்ந்து சோதியுங்கள். இல்லாவிட்டால் பொருத்தச் சொல்லுங்கள். நங்கூரம் சாதாரணப் புயற்காற்றில் வீட்டைக் காக்கும். வலுவான டொர்னாடோவில் உங்களைக் காக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஆகவே போகும் இடத்தை முன்பே முடிவு செய்ய வேண்டும். உரிமையாளரின் வீட்டில் பேஸ்மென்ட் இருந்தால், அதன் சாவியோ, கதவைத் தட்டாமல் நுழையும் உரிமையோ இப்போதே கேட்டுப் பெறுங்கள். எச்சரிக்கை வந்தபின் போவதைவிட, அதற்கு முந்தைய நிலையான கண்காணிப்பு அறிவிப்பு வெளியாகி மேற்கே வானம் கருக்கும்போதே குழந்தையுடன் போய்விடுங்கள். காரில் ஏறித் தப்பிக்க எண்ண வேண்டாம்: 2020 ஆகஸ்ட் 7 அன்று மனிடோபாவின் வர்டன் அருகே இரு பதின்ம வயதினர் தங்கள் வாகனத்துடன் தூக்கி வீசப்பட்டு இறந்தனர். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவதும் கூடாது. அங்கே காற்று மேலும் வேகம் பெறும், பறந்து வரும் பொருள்களும் அங்கேயே வந்து மோதும்.

புதிய வீடு கட்டும் எண்ணமுள்ளவர்களுக்கும் ஒன்று சொல்வேன். கூரைச் சட்டத்தைச் சுவரோடு வெறும் சாய்வு ஆணிகளால் பிணைப்பதே இங்கே பரவலான வழக்கம். அந்த இடத்தில் எஃகுப் பட்டை போட்டால், கட்டும்போது ஒரு வீட்டுக்குச் சில நூறு டாலர்தான் கூடும். கூரை போனபின்தான் சுவர்கள் சாய்கின்றன என்பதால், பெரும்பான்மையான டொர்னாடோக்களின் வலிமையான இ.எஃப்.0 முதல் இ.எஃப்.2 வரைக்கும் இந்தப் பட்டை வீட்டை முழு அழிவிலிருந்து காக்க வல்லது. கட்டட விதி இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வயற்காவல் எழுதியது:

சஸ்காச்சுவானில் பயிர் ஆலோசகராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் தோட்டக் குடும்பத்தில் வளர்ந்தவன். தூண்கல் அண்ணா எழுதியவை அனைத்தும் தேவையானவை. ஆனால் இந்தச் சமவெளியில் டொர்னாடோவைப் பற்றி ஊடகங்கள் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட ஆலங்கட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு விவசாயி தன் வாழ்நாளில் டொர்னாடோவை ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகலாம். ஆலங்கட்டியைச் சந்திக்காமல் யாரும் போவதில்லை.

செங்காடுவின் நில உரிமையாளர் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். இங்கே பயிர்க் காப்புறுதி இரு வகைப்படும். முதலாவது அரசு சார்ந்த பல்வகை இடர்க் காப்புறுதி, அல்பர்ட்டாவில் ஏ.எஃப்.எஸ்.சி., சஸ்காச்சுவானில் எஸ்.சி.ஐ.சி., மனிடோபாவில் எம்.ஏ.எஸ்.சி. ஆகியவை இதை நடத்துகின்றன. கட்டணத்தில் 60 சதவீதத்தை மத்திய, மாகாண அரசுகள் ஏற்கின்றன. ஆனால் இது ஒரு பயிரின் மொத்த விளைச்சலைப் பார்க்கிறது. அவர் ஆறு குவாட்டர் நிலத்தில் கனோலா விதைத்து, ஒரு குவாட்டர் மட்டும், அதாவது 160 ஏக்கர் மட்டும் முற்றாக அழிந்து, மற்ற ஐந்தும் நன்றாக விளைந்தால், மொத்தச் சராசரி உத்தரவாத அளவுக்குக் கீழே போகாது, இழப்பீடும் வராது. இரண்டாவது, ஆலங்கட்டிக்கு மட்டுமான தனிக் காப்புறுதி. இது அடிபட்ட ஏக்கரையே தனியாகப் பார்த்து, சேத சதவீதத்துக்கு ஏற்பப் பணம் தரும். ஆலங்கட்டி குறுகிய பட்டையாக விழும் இயல்புடையது. வேலிக்கு இந்தப் பக்கம் வெறும் தண்டு, அந்தப் பக்கம் பூத்துக் குலுங்கும் வயல் என்பது எங்களுக்குப் பழக்கமான காட்சி. அதற்குப் பொருந்தும் காப்புறுதி இந்த இரண்டாவதுதான். இடர் மிகுந்த ஊர்களில் இதன் கட்டணம் உயர்ந்திருப்பதால், வயதானவர்களும் சிறிய பண்ணைக்காரரும் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

அரசின் பேரிடர் உதவியும் கைகொடுக்காது. காப்புறுதி எடுக்க முடியாத இழப்புகளுக்கே அது வழங்கப்படுகிறது; ஆலங்கட்டிக்கும் காற்றுக்கும் காப்புறுதி கிடைக்கும் என்பதால் அவை அதற்குள் வருவதில்லை.

உரிமையாளரிடம் நம்பிக்கையோடு ஒன்றைச் சொல்லுங்கள்: வயலை உடனே உழுதுவிட வேண்டாம். பூக்கும் பருவத்தில் அடிபட்ட கனோலா புதிய கிளைகளை விட்டு மீண்டும் பூக்கும். விளைச்சல் குறையும், முதிர்வு தாமதமாகி உறைபனியில் சிக்கும் ஆபத்தும் உண்டு, ஆனாலும் ஒன்றுமில்லாமல் போகாது. காய் முற்றிய பருவத்தில் அடிபட்டிருந்தால் மீட்சி இல்லை. இலைகள் துளிர்ப்பதைப் பார்க்க ஒரு வாரம், பத்து நாள் பொறுத்துத்தான் மதிப்பீட்டாளர்களும் கணக்கிடுவார்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

கல்கரியில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். ஆலங்கட்டியைச் சிறிதாக்குவதற்காக விமானங்கள் மேகத்துக்குள் வெள்ளி அயோடைடு தூவுகின்றனவே, அது செங்காடு வசிக்கும் பகுதியையும் காக்கவில்லையா? 2024 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் நகரின் வடக்குப் பகுதியில் விழுந்த ஆலங்கட்டியால் ஏற்பட்ட காப்பீட்டு இழப்பு சுமார் 300 கோடி டாலர். ஆலங்கட்டி நகரத்தையும் விட்டுவைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வயற்காவல் எழுதியது:

ஐயா, உங்கள் நகர மக்கள் பட்ட துன்பத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் திட்டத்தின் நோக்கத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். 1996 முதல் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் அது, கல்கரி முதல் ரெட் டீர் வரையிலான பகுதியில் நகரங்களிலும் ஊர்களிலும் உள்ள வீடுகளையும் வாகனங்களையும் காப்பதற்காக ஏற்பட்டது. மேகம் நகரத்தை நோக்கிப் போகும்போது விமானம் எழும். வயல்களை நோக்கி மட்டும் போகும் மேகத்துக்காக எழாது. பணம் தருபவர்கள் தங்கள் இழப்பைக் குறைக்க முயல்வதில் தவறில்லை. அரசுப் பணத்தில் விவசாயிகளுக்காகவும் நடந்த பழைய ஆலங்கட்டி ஆய்வுத் திட்டம் 1956இல் தொடங்கி 1985இல் நிறுத்தப்பட்டது. அதன் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 20 அன்று அல்பர்ட்டாவின் புரூக்ஸ் பகுதியில் வீசிய புயலை எண்ணிப் பாருங்கள். ஆலங்கட்டியும் காற்றும் அழித்த பட்டை ஏறத்தாழ 200 கி.மீ. நீளத்துக்கு நிலத்தின் மேல் வடுவாகச் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. பயிர், கால்நடை, காட்டு விலங்கு எதுவும் தப்பவில்லை. அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த நேரம் அது. அந்தக் குடும்பங்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் செய்தியில் கேட்டோம்?

மேகவழி எழுதியது:

மேக விதைப்பின் பயனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே மேகத்தை விதைத்தும் விதைக்காமலும் ஒப்பிட முடியாது என்பதால் அதைப் புள்ளியியல் வழியே நிறுவுவது மிகக் கடினம். எனவே அது வயல்களுக்கு விரிவாக்கப்பட வேண்டும் என்று நான் அவசரப்பட்டுக் கேட்க மாட்டேன். கிராமப்புறத்துக்கு உடனடித் தேவை அளவீடு. ரேடாரின் கதிர், தொலைவு கூடக் கூடப் பூமியின் வளைவால் தரையை விட்டு உயர்ந்துகொண்டே போகிறது, 100 கி.மீ.க்கு அப்பால் தரைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலே நடப்பதைத்தான் அது காண்கிறது. 2018இல் சஸ்காச்சுவானின் ரேடிசனில் தொடங்கி நாடெங்கும் நிறுவப்பட்ட புதிய ரேடார்கள் ஆலங்கட்டியை மழையிலிருந்து பிரித்தறிவதில் பழையவற்றைவிட மிகவும் மேம்பட்டவை. ஆனால் தரையில் என்ன விழுந்தது என்பதை மனிதர் சொன்னால்தான் உறுதியாகும்.

டொர்னாடோவின் நிலையும் இதுவே. இ.எஃப். அளவுகோல் காற்றை நேரடியாக அளப்பதில்லை. சேதத்தைப் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறது. வீடோ மரமோ இல்லாத வயலில் எவ்வளவு பெரிய சுழற்சி வந்தாலும் அதற்குச் சான்று கிடைக்காது. குறைந்த தரமே பதிவாகும். 2023 ஜூலை 1 அன்று அல்பர்ட்டாவின் டிட்ஸ்பரி அருகே வந்தது பண்ணை வீடுகளின் மேல் சென்றதால்தான் மணிக்கு 275 கி.மீ., இ.எஃப்.4 என்று அறிய முடிந்தது. ஏறத்தாழ பத்து டன் எடையுள்ள அறுவடை இயந்திரத்தை அது தூக்கி வீசியது. வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வடக்கு டொர்னாடோ திட்டமும் வடக்கு ஆலங்கட்டித் திட்டமும் பொதுமக்களிடமிருந்து படங்களையும் தகவல்களையும் பெற்றுக்கொள்கின்றன. செங்காடு, நீங்கள் எடுத்த படங்களில் அளவுகோலோ நாணயமோ அருகில் இருந்தால் நேரத்தையும் இடத்தையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். கட்டிகளை உறைபெட்டியில் வைத்திருந்தால், காற்றுப் புகாத பையில் இட்டு உருகாமல் பாதுகாத்து வையுங்கள். அடுத்த ஆண்டு எச்சரிக்கையின் எல்லை எங்கே வகுக்கப்பட வேண்டும் என்பதற்கு இத்தகைய பதிவுகளே ஆதாரம்.

செங்காடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெதர்கேன் நிறுவிவிட்டேன். உரிமையாளரும் நானும் வீட்டின் அடியில் பார்த்தோம்: நான்கு மூலைகளில் மட்டும் பட்டைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று அறுந்திருக்கிறது. பேஸ்மென்ட்டின் பக்கவாட்டுக் கதவுச் சாவியை நான் கேட்காமலேயே அவர் எடுத்துத் தந்தார். நிலாமுற்றம் அக்கா எழுதியதைப் படித்தபின், எங்கள் ஊர்மன்றக் கூட்டத்தில் சங்கு பற்றியும், ஊர்க்கூடத்தின் கீழ்த்தளத்தை இடிமழை நேரத்தில் திறந்து வைப்பது பற்றியும் கேட்பதாக இருக்கிறேன்.

வயற்காவல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. உரிமையாளர் பார்லி வயலிலும் ஒரு பகுதியை இழந்திருக்கிறார். அதற்கு மட்டும் ஆலங்கட்டிக் காப்பீடு இருக்கிறதாம். மதிப்பீட்டாளர் வருவதற்குள் அதை மாட்டுத் தீவனமாக வெட்டிவிடலாமா?

வயற்காவல் எழுதியது:

முதலில் காப்புறுதி அலுவலகத்துக்கு அழைத்துச் சேதத்தைப் பதிவு செய்து, வெட்ட அனுமதி கேட்கச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தால், வயலின் பல இடங்களில் வெட்டாத பட்டைகளை அவர்கள் சொல்லும் அகலத்தில் விட்டுவைக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அவற்றைப் பார்த்தே கணக்கிடுவார். அடிபட்ட பார்லியிலும் ஓட்ஸிலும் வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் பயன்படுத்த இலை இல்லாததால், அது தண்டில் தேங்கிவிடும். சேதத்துக்குப் பிந்தைய சில நாள்களில் அதன் அளவு மிகும். அந்த நாள்களில் வெட்டி அப்படியே மாட்டுக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. புதிய இலைகள் வரும்வரை பொறுத்து வெட்டி, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்தபின்பே ஊட்ட வேண்டும். எந்த நாளில் ஆலங்கட்டி விழுந்தது, பயிர் கதிர் வந்துவிட்டதா என்பதை அவரிடம் கேட்டு எழுதினால், எப்போது வெட்டலாம் என்பதை மேலும் சரியாகச் சொல்ல முடியும்.